தெல்தோட்டைக்காரருக்குக் கோபம் ஆகாது

தோட்டத்துச் சனத்துக்குக் கோபம் வரக்கூடாது என்பதில் மட்டும் இந்த நாட்டில் கட்சி பேதம் கிடையாது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, கம்பனி, சங்கம், சாமியார், பாதிரியார் எல்லாருக்கும் ஒரே கருத்து. வெள்ளைக்காரத் துரை பிரம்பைக் காட்டி அடக்கினார். அவருக்குப் பின் வந்த தலைவர்மார் மேடை போட்டு, மாலை வாங்கி, கையைக் கூப்பி அடக்கினார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. நிறப் பேனை, பெரிய வெள்ளைத் தாள், ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் சகிதம் ‘மன அழுத்த முகாமைத்துவம்’ ஜீப்பில் ஏறி, கலஹா றோட்டின் குழிகளில் குலுங்கிக் குலுங்கித் தெல்தோட்டைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

“உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்காதபோது கோபமும் துக்கமும் வருவது இயல்பு” என்று பயிற்சியாளர்மார் ஆரம்பிக்கிறார்கள். அதுவரை சரி. “அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கண்ணை மூடுங்கள். மூச்சை ஆழமாக இழுங்கள். பத்து வரை எண்ணி மெதுவாக வெளியே விடுங்கள்.” எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? விடியுமுன் எழும்பி, ரொட்டி தட்டி, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, அட்டைக் கடியோடு செங்குத்து மலையில் ஈரக் கொழுந்தைச் சுமந்து ஏறி இறங்கும் பெண்கள். மூச்சு வாங்குவதில் இவர்களுக்குப் பாடம் எடுக்க இந்தத் தீவில் ஆள் இல்லை. எண்ணிக்கையும் அப்படித்தான். இவர்கள் பதினெட்டு வரை எண்ணிப் பழகியவர்கள். குறைந்தது 18 கிலோ வந்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுக் கூலி.

ஆனாலும் பயிற்சியாளர்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாத ஊருக்கு வந்திருக்கிறார்கள். பலனில்லாத உழைப்பைப் பற்றிப் பேசத் தெல்தோட்டையை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பது அவர்களுக்கே தெரியாது. அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் இந்த மலையில்தான் எழுதப்பட்டது.

லூல்கந்துர தோட்டம் இங்கேதான் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். இலங்கையில் வியாபாரத்துக்கென்று பயிரிட்ட முதல் தேயிலை. ஸ்கொட்லாந்தில் 1835இல் பிறந்த மனிதர், 1852இல் இங்கே வந்து, சாகும்வரை நாற்பது வருடம் இதே மலையில் கிடந்தார். கோப்பி நோய் பிடித்து அழிந்து துரைமார் தலையில் கைவைத்து உட்கார்ந்த காலத்தில் அவர்களைக் கரையேற்றியது இந்த ஆளின் 19 ஏக்கர் சோதனைதான். நன்றி மறக்கக்கூடாதல்லவா? 1891இல் தோட்டத்துரைமார் சங்கம் அவருக்கு வெள்ளியில் செய்த தேநீர்ச் சாமான் செட் ஒன்றைப் பரிசளித்தது. அடுத்த வருடமே அவர் வேலை பார்த்த கம்பனி தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னது. தேயிலையைத் தந்தவனுக்கே தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிய தொழில் இது. டெய்லர் போகவில்லை. 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துரவிலேயே வயிற்றுளைச்சலில் செத்துப்போனார்.

அவர் உடலைக் கண்டி மகியாவை மயானம்வரை மலைப்பாதையில் சுமந்து போனவர்கள் 24 தொழிலாளர்கள். பன்னிரண்டு பேர் தூக்க, பன்னிரண்டு பேர் மாற்றுத் தோள் கொடுக்க, முறை வைத்துத் தூக்கினார்கள். ‘சாமி துரை’ என்று சொல்லி அழுதார்களாம். டெய்லருக்குக் கல்லறை இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லுக்கும் ‘டெய்லரின் இருக்கை’ என்று பெயர் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கிப் போன 24 பேரின் பெயரை ஒரு கல்லில் வெட்ட எவருக்கும் தோன்றவில்லை. 2017இல் சிலோன் தேயிலைக்கு 150 வயது என்று உலகமெங்கும் கோப்பையை உயர்த்திக் கொண்டாடினார்கள். கோப்பைக்குள் இருந்ததைப் பறித்தவர்கள் அன்றைக்கும் மலையில்தான் நின்றார்கள். நோம் காட்ட வேண்டுமே.

நோம் என்றால் என்னவென்று கொழும்பு வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் பறித்தே ஆக வேண்டிய கொழுந்தின் எடை அது. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் இந்த எடைதான் ஒரு நாளின் மரியாதையைத் தீர்மானிப்பது. 18 என்று இருந்தது பல இடங்களில் 20 ஆனது, சில இடங்களில் அதற்கும் மேலே போனது. தராசில் கொழுந்தைத் தூக்கும்போது தண்ணீருக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, முற்றல் இலைக்கு ஒரு கழிவு. கணக்கப்பிள்ளைக்குக் காலையில் வீட்டில் சண்டையென்றால் அதற்கும் ஒரு கழிவு. எல்லாம் போக 16 கிலோ நின்றால் செக்ரோலில் அரைப்பேர். எட்டு மணித்தியாலம் மழையில் நின்றவள் பாதி மனுஷி ஆகிவிடுகிறாள். ஆனால் அந்த 16 கிலோவும் முழுசாகத்தான் பெக்டரிக்குப் போகிறது. அரைப்பேர் போட்ட கொழுந்தைப் பாதி அரைத்து மீதியைத் திருப்பிக் கொடுத்த பெக்டரியை நான் கேள்விப்பட்டதில்லை.

2021 மே மாதம் அப்போதைய ஜனாதிபதி நாட்டை ஒரே மூச்சில் இயற்கை விவசாயத்துக்கு மாற்றப்போவதாக இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடுத்தார். நவம்பரில் ‘சரி, தப்பில்லை, கொண்டுவாருங்கள்’ என்று தடை நீங்கியது. இடையில் செடி வாடியது. 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 25 கோடிக் கிலோ அளவுக்கு விழுந்தது. கால் நூற்றாண்டில் அவ்வளவு குறைந்ததில்லை. செடி வாடியது, புல்வெட்டு ஆள் குறைந்தது, மலை காடானது. நோம் மட்டும் வாடவில்லை. பச்சையாகவே இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம், தாவரவியல்காரர்கள் யாராவது அந்த நோமை ஆராய்ந்தால் உரமே தேவைப்படாத பயிர் ஒன்று நாட்டுக்குக் கிடைக்கும்.

சம்பளக் கதையைச் சொல்லாமல் முடியாது. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015இல் பிறந்தது. 2016இல் 730 என்று கையெழுத்தானது. பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500தான். மீதி, நாள் தவறாமல் வந்தால், நோமைத் தொட்டால் என்று ஆல்களில் தொங்கிய காசு. 2019இல் 700உம் விலைப்பங்கு 50உம். 2020 ஜனவரியில் ‘மார்ச் முதல் ஆயிரம்’ என்று அரசாங்கம் அறிவித்தது. மார்ச் வந்தது. ஆனால் அது 2021 மார்ச். 2015இல் ஆயிரம் ரூபாவுக்கு ஏழு டொலருக்கு மேல் வாங்கியிருக்கலாம். 2022 நடுப்பகுதியில் அதே ஆயிரத்துக்கு மூன்று டொலர்கூடக் கிடைக்கவில்லை. கேட்டதைத்தான் கொடுத்தார்கள், ஒரு சதம் குறைக்கவில்லை. கொடுத்த மறுவருடமே அது அரைப்பேர்கூட இல்லாமல் போனது, அவ்வளவுதான். அந்த ஆயிரத்தைக் கொடுக்க வேண்டி வந்ததும் பல தோட்டங்களில் மாதத்துக்கு 13 நாள், 14 நாள் என்று வேலையைச் சுருக்கினார்கள்.

2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அப்போதைய ஜனாதிபதி 1,700 ரூபா என்று சொன்னார். வர்த்தமானியும் தயாராக இருந்தது. கைதட்டலின் சூடு ஆறுமுன் கம்பனிகள் கறுப்புக் கோட்டோடு நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டம்பரில், தேர்தலுக்குச் சில நாள் இருக்க, 1,350 என்று புதிய வர்த்தமானி வந்தது. அதற்குப் பிறகு வந்த அரசாங்கம் 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அதோடு நாள் வருகைக்கு 200 ரூபாவை அரசாங்கமே தரும் என்றும் சொன்னது. நல்லது. ஆனால் அரசாங்கத்துக்கு அந்த 200ஐ யார் தருவது? கடையில் சவர்க்காரம் வாங்கும்போது 18 சதவீத வற் வரி கட்டுகிறாளே, அந்தத் தொழிலாளிதான். தன் சம்பள உயர்வில் ஒரு பங்கைத் தானே போட்டுத் தனக்கே வாங்கிக்கொள்ளும் தொழிலாளி வர்க்கம் உலகத்தில் வேறெங்கும் இருக்கிறதா என்று மார்க்ஸைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் கோபம் வராமலிருக்க மூச்சுப் பயிற்சி போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சேமலாப நிதிக்கு எந்தப் பயிற்சி செய்வது?

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பனிகளிடம் கொடுத்தது. கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் பல அரசாங்கத்தின் கையிலேயே தங்கின. லூல்கந்துர உட்பட எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படித் தங்கியவை மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையின், அதாவது சனம் ‘ஜனவசம’ என்று சொல்லும் சபையின், பொறுப்பில் இருக்கின்றன. பெயரில் மக்கள் இருக்கிறார்கள், அபிவிருத்தியும் இருக்கிறது. அதன் தோட்டங்களிலும் மற்ற அரசுத் தோட்டங்களிலும் தொழிலாளருக்குக் கட்ட வேண்டிய சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை எல்லாம் ஆண்டுக்கணக்கில் நிலுவை என்பது பாராளுமன்றத்திலேயே திரும்பத் திரும்பப் பேசப்பட்ட விடயம். பேசுவார்கள். தேநீர் இடைவேளை வரும்.

சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், நகைச்சுவை நூல் படித்த சுகம் கிடைக்கும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டி, முதலாளி தன் பங்காக 12 சதவீதம் சேர்த்து, அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். பத்து நாள் பிந்தினால்கூட 5 சதவீத மிகைக்கட்டணம்; ஒரு வருடம் தாண்டினால் அது 50 சதவீதம். சட்டம் போட்டது அரசாங்கம். கட்டாமல் விட்டது அரசாங்கத்தின் சபை. வழக்குப் போட வேண்டியது அரசாங்கத்தின் தொழில் திணைக்களம். நிதியை வைத்துப் பராமரிப்பது மத்திய வங்கி. குற்றவாளி, பொலிஸ், நீதவான், உண்டியல் நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அந்த 12 சதவீதத்தை விடுங்கள், அது முதலாளியின் காசு, மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதம் யாருடையது? தொழிலாளியின் கையிலிருந்து வெட்டியது. சம்பளத் துண்டில் வெட்டியதற்குக் கணக்கு இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் கணக்கு இல்லை. கொழுந்து மலையிலிருந்து விறகுக்கு ஒரு மரக்கிளையை ஒடித்துப் போன தொழிலாளியை விசாரணைக்கு நிறுத்தி, வேலையை நிறுத்தி, பொலிசுக்கும் சொல்லும் தோட்டங்கள் இருக்கின்றன. வருடக்கணக்கில் எட்டெட்டு சதவீதமாக எடுத்துப் போனதற்கு நிர்வாகத் தமிழில் ‘நிதி நெருக்கடி’ என்று பெயர். மரக்கிளைக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் இல்லை? அடுப்பில் நெருக்கடி இருந்ததால்தானே அவரும் ஒடித்தார்?

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி அரசாங்கம் சேமலாப நிதியின் முறிகளில் கைவைத்தபோது நாடெங்கும் உழைப்பவர்கள் கொதித்தார்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அவர்களுடைய பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே கைவைக்க முடியும்? நிர்வாகத்தின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பணிக்கொடையும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய கூலியின் அளவில். வேலையை விட்ட 30 நாளுக்குள் கையில் கொடுத்துவிட வேண்டும். 35 வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண் 1,350 ரூபாக் கூலி இருந்தபோது ஓய்வு பெற்றிருந்தால் 6 இலட்சத்து 61,500 ரூபா. அவளுடைய வாழ்க்கையில் ஒரே தடவை பார்க்கக்கூடிய பெரிய காசு. அதை நம்பித்தான் மகள் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பாள், காம்பராவின் தகரத்தை மாற்ற நினைப்பாள், கண்ணில் வளர்ந்த சதையை வெட்டப் போவாள். இன்றைக்கு வா, நாளைக்கு வா, துரை கண்டிக்குப் போயிருக்கிறார், கணக்கர் லீவு, கொழும்பிலிருந்து காசு வரவில்லை. தெல்தோட்டையில் பஸ் ஏறிக் கண்டியில் தொழில் காரியாலயத்துக்குப் போனால் அங்கே சிங்களத்தில் ஒரு படிவம். நிரப்பிக் கொடுக்க ஒரு பெடியனுக்கு நூறு ரூபா. “அடையாள அட்டையில் மாரியாயி, செக்ரோலில் மாரியாய், எந்த மாரியாயி நீங்க?” 35 வருடம் பேரைக் கூப்பிட்டு வேலை வாங்கும்போது இந்தச் சந்தேகம் ஒருநாளும் எவருக்கும் வந்ததில்லை.

பணம் வருமுன் செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். மரண சகாய நிதியில் பெட்டி வாங்கிப் புதைத்தார்கள்.

சரி, இந்தக் கோபம் எல்லாம் எங்கேதான் போகிறது? ஒளிக்காமல் சொல்கிறேன். பாதி கசிப்புப் போத்தலுக்குள் போகிறது. சம்பள நாளன்று லயத்துப் பக்கம் வந்து பாருங்கள், சின்னதுரையிடம் வாயைத் திறக்காதவன் இஸ்தோப்பில் நின்று பெண்சாதியிடம் எவ்வளவு பெரிய வீரன் என்று தெரியும். மீதி சாமிக்குப் போகிறது. ரோதைமுனிக்குக் கோழி அறுத்து ‘இயந்திரம் கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்’ என்று வேண்டுகிறோம். கையைக் கடிக்காமல் காப்பாற்றிவிடுகிறார், பாவம். சம்பளத்தைக் கடிக்காமல் காப்பது அவர் இலாகா இல்லை. மாசியில் காமன் கூத்து ஆடி, காமனை எரித்து, எழுப்பி, விடியவிடிய அழுது தீர்க்கிறோம். பெடியன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கும் வெள்ளவத்தைக்கும் போய்விடுகிறார்கள். மேலே போக வேண்டிய கோபம் லயத்துக்குள்ளேயே சுற்றி, அடுத்த காம்பராக்காரனின் வேலிச் சண்டையாகவும் மனைவியின் கன்னத்து வீக்கமாகவும் முடிகிறது. பயிற்சியாளர் வந்து அடக்கச் சொல்ல வேண்டிய கோபம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைப் பற்றி அவர்கள் பேசும்போது நானும் காது கொடுத்துக் கேட்கிறேன்.

ஆனால் ஒருமுறை இந்தக் கோபம் திசை தவறாமல் மேலே போனது. தூரத்தில் இல்லை, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். நாடு திரும்பிப் பார்த்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது, கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று வாதாடினார். தொழிலாளியைச் சங்கமாக எண்ணவே மறுத்த துரைமார், அதே வருடம் தொழிற்சங்கங்களோடு மேசையில் உட்கார்ந்து ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பத்து வரை எண்ணி நடந்த காரியமில்லை இது.

எட்டு வருடம் கழித்து, 1948இல் அதற்குப் பதில் வந்தது. பிரஜாவுரிமை போனது, பின்னாலேயே வாக்கும் போனது. வாக்கில்லாதவன் கோபத்துக்கு எந்த அமைச்சர் பயப்படுவார்? 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 9 இலட்சத்து 75,000 பேரை இந்தியாவுக்கு இவ்வளவு, இலங்கைக்கு இவ்வளவு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று எடை போட்டுப் பிரித்தார்கள். கழிவு போக மிஞ்சியவர்கள் நாங்கள்.

இன்றைக்கு வாக்கு இருக்கிறது. தேர்தல் காலத்தில் அதற்கு மரியாதையும் இருக்கிறது. ‘என் உறவுகளே’ என்கிறார்கள், தேத்தண்ணி குடிக்கிறார்கள், லயத்துப் பிள்ளையைத் தூக்கி மூக்கைத் துடைத்துப் படம் எடுக்கிறார்கள். மாதாமாதம் சங்கச் சந்தா செக்ரோலிலேயே வெட்டப்படுகிறது, அது ஒரு மாதமும் நிலுவையில் நின்றதில்லை. சந்தாவைத் தவறாமல் அனுப்பத் தெரிந்த கணினிக்குச் சேமலாப நிதியை அனுப்பத் தெரியாமல் போவது எப்படி என்று சங்கத் தலைவர்மாரில் ஒருவராவது தன் பிரதிநிதி ஒருவரைத் தோட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம்.

அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. சம்பளத் துண்டை வைத்து அடுப்புப் பற்றவைக்காதீர்கள். அரிசிப் பேணிக்குள் போட்டாவது பத்திரப்படுத்துங்கள். உங்கள் பேரும் அடையாள அட்டை இலக்கமும் சேமலாப நிதிப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள், பெண்களுக்கு 50உம் ஆண்களுக்கு 55உம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். நிலுவை இருந்தால் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். படித்த பிள்ளைகள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறீர்கள், அந்தப் படிவத்தை நூறு ரூபா வாங்காமல் நிரப்பிக் கொடுங்கள்.

சபைக்கும் அமைச்சுக்கும் சொல்ல நீண்ட உபதேசம் எதுவும் இல்லை. அந்த 8 சதவீதம் உங்களுடையதில்லை. மிகைக்கட்டணத்தோடு கட்டுங்கள்.